டாக்சிக்காரருக்கு ஒரு வசனம்

என் அம்மா என் வீட்டுக்காரரை "வண்டி" என்றுதான் சொல்வாள். "வண்டி வந்துச்சா?", "வண்டிக்குச் சோறு போட்டியா?", "வண்டி ஏன் இருமிகினே கீது, கஷாயம் வெச்சுக் குடுக்கறதுதான?" என்று எல்லாக் கேள்வியும் என்னிடம் வரும். ஆள் எதிரிலேயே நின்றாலும் என்னிடம்தான் வரும். எங்களுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஓடி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அது தத்தித் தத்தி நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அதுவரைக்கும் அம்மா அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளை என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்க வேண்டுமானால் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அவர் செய்த குற்றம், டாக்சி ஓட்டியது. அம்மா எனக்கு ரயில்வேயில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். குவார்ட்டர்ஸ், பாஸ், காக்கி உடுப்பு என்று அவள் அடுக்குவதைக் கேட்டால் அந்த ஆளுக்கு முகம் என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம் வரும். நான் அப்போது டீச்சர் டிரெய்னிங் முடித்து, ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சருக்கும் ரயில்வேக்கும் பொருத்தம் பிரமாதம் என்பது அம்மாவின் கணக்கு. நானோ, ஞாயிறு பூசையில் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நின்று எல்லாப் பாட்டையும் ஒரே ராகத்தில் பாடிய டாக்சிக்காரரைக் கட்டிக்கொண்டேன். ஒரே கோயில், ஒரே தெரு, ஒரே மீன் மார்க்கெட். எந்தப் பொருத்தமும் அம்மாவின் மனதை அசைக்கவில்லை.

"ரயிலு தண்டவாளத்து மேலதான் போவும். டாக்சி எங்க வேணா போவும்" என்றாள்.

அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அம்மா வீட்டு வாசலில் போய் நிற்பார். அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். "அத்தே, நல்லா கீறீங்களா? முட்டி வலி எப்டி கீது?" என்பார். அம்மா மீன் கழுவின தண்ணீரை அவர் கால் பக்கமாக ஊற்றுவாள். அவர் ஓரடி தள்ளி நின்று, "இன்னிக்கி வஞ்சிரமா? ஜோரா கீது அத்தே. வலி கொறஞ்சிருக்கும், அதான் குந்திகினு ஆயறீங்க" என்று பதிலையும் தானே சொல்லிக்கொள்வார். கேள்வியும் நானே பதிலும் நானே என்று கொஞ்ச நேரம் கச்சேரி நடத்திவிட்டு, "வர்ட்டா அத்தே" என்று கும்பிட்டுவிட்டு வருவார்.

"மானம் ரோஷம் எதுவும் இல்லையா உங்களுக்கு?" என்று ஒரு நாள் கத்தினேன்.

"திட்டினாக்கூடப் போதும் டீச்சரம்மா. ஆனா என் மூஞ்சியப் பாத்துத் திட்டணும்" என்றார்.

மனுஷனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த அவ்வளவு கிடைப்பதற்கு ஒரு சினிமாக் கம்பெனி ராயபுரத்துக்கு வர வேண்டியிருந்தது.

என் அம்மாவின் சினிமாப் பைத்தியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முட்டி வலி மீன் மார்க்கெட்டுக்குப் போகத்தான் தடை சொல்லும். தியேட்டருக்குப் போக ஒரு நாளும் சொன்னதில்லை. திரையில் கதாநாயகன் கார் ஓட்டிப் பிழைக்கிறவனாக வந்து, பணக்காரப் பெண்ணின் தாயார் அவனை வாசலில் நிற்க வைத்து அவமானப்படுத்தினால், அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாள். "அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுன்னு ஒண்ணு கீதா பாரேன்" என்று என்னிடமே சொல்வாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் கம்பெனிக்காரர்கள் வந்து இவர் டாக்சியையும் இவரையும் சேர்த்துக் கேட்டபோது, இவருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் டாக்சியை மட்டும்தான் கேட்டார்கள். பிறகு டைரக்டர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "முகத்துலேயே யதார்த்தம் இருக்கு. டிரைவராவும் இவரே நடிக்கட்டும்" என்றாராம். ஒரு நடிகருக்குக் கொடுக்க வேண்டியதை மிச்சம் பிடித்தால் எல்லா முகத்திலும் யதார்த்தம் இருக்கும். ஆனால் இவருக்கு ஒரு வசனம் உண்டு என்றார்கள். வாயைத் திறந்து பேசுகிற வசனம்.

"அத்த சினிமாவுக்குப் போவாம இருப்பாங்களா? படத்துல நான் பேசுவேன். கேட்டுத்தான ஆவணும்! தண்ணிய ஊத்த முடியாதில்ல" என்று இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தார்.

டைரக்டர் இளவயதுக்காரர். கறுப்புக் கண்ணாடி, காதை மூடிய முடி. எதற்கெடுத்தாலும் யதார்த்தம் என்பார். அதுவரைக்கும் நம் படங்களில் காருக்குள் பேசுகிற காட்சி என்றால் கார் ஸ்டுடியோவை விட்டு வெளியே வராது. கார் நின்ற இடத்தில் நிற்கும், பின்னால் ஒரு திரையில் ரோடு ஓடும், இரண்டு பேர் பம்பரைப் பிடித்து ஆட்டுவார்கள். ரோடு நேராகப் போகும். கதாநாயகன் மட்டும் மாவாட்டுகிற மாதிரி ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருப்பார். இந்த டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. நிஜ ரோட்டில் நிஜக் காரில் எடுப்பேன் என்று சபதம். அதற்கு அவர் செய்தது என்னவென்றால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் டாக்சியின் இஞ்சினை அணைத்து, முன் கண்ணாடியைக் கழற்றி, ஒரு ஜீப்புக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். ஜீப்பின் பின்பக்கத்தில் காமிராவும் காமிராக்காரரும் டாக்சியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். ஜீப் இழுக்கும், டாக்சி போகும், பின் சீட்டில் கதாநாயகனும் கதாநாயகியும் பேசுவார்கள். ஸ்டுடியோக்காரர்கள் ஓடாத காரை ஓடுகிற மாதிரி காட்டினார்கள். இவர் ஓடுகிற காரை ஓடாமல் செய்துவிட்டு, ஓடுகிற மாதிரி காட்டினார். இதற்குப் பெயர் யதார்த்தம்.

இடம், திருவொற்றியூர் போகிற வழியில் கடலோர ரோடு. அங்கே ஓரிடத்தில் கடல் ரோட்டை அரித்துக்கொண்டு போய்விட்டது. வருஷா வருஷம் அந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். தாரெல்லாம் பிட்டுப் போட்ட அடை மாதிரி உடைந்து நிற்கும், அதற்கப்புறம் அலைதான். கதையில் காதலர்கள் பிரிவதா சேர்வதா என்று பேசிக்கொண்டே வருவார்கள். டாக்சி அங்கே போய் நிற்கும். டிரைவர் பின்னால் திரும்பி, "ரோடு முடிஞ்சிடுச்சி சார். இதுக்கு அப்பால எங்க போறது?" என்று கேட்பார். அதுதான் இவருடைய வசனம். கேட்டதும் கதாநாயகி ஓவென்று அழ வேண்டும். வாழ்க்கைப் பாதையே முடிந்துவிட்டது என்று அர்த்தமாம். டைரக்டர் அதை விளக்கிச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. அந்த இடத்தில் முன்பு ஒரு தெரு இருந்தது, என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகளின் வீடும் இருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் வசனம் எழுதவில்லை.

இவர் வீட்டில் ஒத்திகை பார்த்தார். சோற்றுத் தட்டு காலியானால், "ரோடு முடிஞ்சிடுச்சி டீச்சரம்மா." குழாயில் தண்ணீர் நின்றால் குடத்தைப் பார்த்து, "இதுக்கு அப்பால எங்க போறது?" குழந்தைக்கே அந்த வசனம் மனப்பாடமாகிவிட்டது. அது "அப்பா" சொல்வதற்கு முன்னால் "ஓடு முடிச்சி" என்று சொல்லிற்று.

ஷூட்டிங் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, இவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் இவர் நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கதைப்படி டிரைவர் பேரு வேற டீச்சரம்மா. ஒரு நாள் கூத்துதான். அழிச்சாப் பூடும்" என்றார், கொஞ்சம் கூச்சமாக.

நான் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு வசனத்தை ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுக்க ஒரு உதவி டைரக்டர் பின் சீட்டின் அடியில், முன் சீட்டுக்கும் அவள் காலுக்கும் நடுவில், சுருண்டு படுத்திருந்தார். குலுங்குகிற காரில் படுத்துக்கொண்டு காகிதத்தைப் படித்தால் என்ன ஆகுமோ அது அவருக்கு ஆயிற்று. கடலோரமாகப் போய் உட்கார்ந்தவர் எழுந்து வரவில்லை. அடுத்து யார் தமிழை உரக்கப் படிப்பார்கள் என்று தேடினார்கள். இவர் என்னைப் பெருமையாகச் சுட்டிக்காட்டினார். "எங்க வூட்ல டீச்சரு. அவங்க கத்தினா பக்கத்து ஸ்கூலுக்குக் கேக்கும்."

அப்படியாக நான் சினிமாவில் சேர்ந்தேன். சேர்ந்த இடம் கதாநாயகனின் கால் பக்கம். அங்கிருந்து பார்த்தால் சினிமா வேறு மாதிரி தெரியும். கதாநாயகனுக்கு மேலே கோட்டு, டை, சட்டையில் ரோஜாப்பூ. இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி. காமிரா இடுப்புக்குக் கீழே பார்க்காது என்பதால் யதார்த்தம் இடுப்போடு நின்றுவிட்டது. கதாநாயகி வெயில் சூட்டுக்கு ஈரச் சாக்கில் காலை வைத்திருந்தாள். முன் சீட்டுக்கு மேலே எனக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரரின் பின்கழுத்தும் வலது முழங்கையும்தான்.

கயிறு இழுத்தது. நாங்கள் புறப்பட்டோம். முன்னால் கண்ணாடி இல்லை; காசிமேட்டுக் காற்று மொத்தமாக உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் கருவாடு காய்கிறது. கதாநாயகன் கண்ணைப் பாதி மூடி, "இந்தக் காற்றில் மல்லிகையின் மணம் வீசுகிறதே, கவனித்தாயா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஈ அவர் வாய்க்குள் போயிற்று. நிறுத்தினார்கள்.

மறுபடி போனோம். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. ஜீப் ஊர்ந்தது. லோடு இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்த நாலு பேர், ஒரு டாக்சியைக் கயிறு கட்டி இழுப்பதைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் நின்றுபோன வண்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது பாவம். கூப்பிட வேண்டியதே இல்லை, கை வைத்துவிடுவார்கள். "இன்னா நைனா, செல்ஃப் எடுக்கலயா? தள்ளு தள்ளு, ஏலேலோ!" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். காமிராவில் பார்த்தால் காதலர்கள் தலைக்கு நடுவில், பின் கண்ணாடியில், நாலு முண்டாசு. தள்ளின வேகத்தில் டாக்சி ஜீப்பின் மேல் போய் இடித்தது. காமிராக்காரர் காமிராவைக் கட்டிக்கொண்டு கீழே விழுந்தார். தள்ளினவர்கள், "நல்லதுக்குக் காலம் இல்ல மாமு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

மூன்றாவது தடவை எல்லாம் கூடிவந்தது. கதாநாயகி நான் சொல்லச் சொல்ல அப்படியே திருப்பிச் சொன்னாள். நான் வகுப்பில் வாசிக்கிற பழக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்து வாசித்துவிட்டேன். அவளும் உணர்ச்சி பொங்க, "உங்களை மறக்க முடியுமா கண்கலங்கி முகத்தைத் திருப்பி" என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரும் நிறுத்தவில்லை. காமிரா மாவு மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. பேச்சையெல்லாம் பிறகு ஸ்டுடியோவில் வேறொரு பெண் பேசிச் சேர்ப்பாள், வாயசைந்தால் போதும் என்றார்கள். அப்போது எனக்கு அது கதாநாயகியைப் பற்றிய செய்தியாகத்தான் காதில் விழுந்தது.

அப்போதுதான் எங்கள் கோயில் வந்தது. என் வீட்டுக்காரரின் வலது முழங்கை எழும்பியது. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். பட்டை விபூதியோடு, குங்குமப் பொட்டோடு, காமிராவுக்கு நேராக, நிதானமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

"கட்!" என்ற சத்தம் துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும். "யோவ் டிரைவர்! நெத்தியில என்ன இருக்கு, கையில என்னய்யா பண்றே?"

"அய்யோ சார், தெரியாம வந்துட்ச்சி."

தெரியாமல்தான் வந்தது. எங்கள் பேட்டையில் ஸ்டியரிங் பிடிக்கிற எந்தக் கிறிஸ்தவனுக்கும் கோயில் வந்தால் கை தானாக எழும்பும். பிரேக்கை மிதிக்கக் கால் யோசித்தாலும் யோசிக்கும், சிலுவைக்குக் கை யோசிக்காது. கயிறு கட்டின இரண்டு வண்டியை அந்த நெரிசலில் திருப்பிக் கொண்டுவருவது சாமானியமில்லை. கயிற்றை அவிழ்த்து, ஜீப்பைத் திருப்பி, டாக்சியைக் கையால் தள்ளித் திருப்பி, மறுபடி கட்டி, கதாநாயகியின் முகத்தில் படிந்த ஆலைக் கரியைத் துடைத்து, மறுபடி பவுடர் போட்டு, மறுபடி புறப்பட்டோம். கோயில் வந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தது பின்கழுத்திலேயே தெரிந்தது. தாண்டிவிட்டோம். நான் மூச்சு விட்டேன். அடுத்த திருப்பத்தில் மாதா கெபி, ரோட்டோரத்தில் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சிலை. முழங்கை எழும்பியது.

அதற்கடுத்த தடவை கெபியையும் தாண்டினோம். அப்புறம் ஓர் அந்தோணியார் சிற்றாலயம். அதையும் தாண்டின தடவை, ஒரு மாரியம்மன் கோயில் வந்தது. கை நெஞ்சுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டது. டைரக்டர் அதைப் பொறுத்துக்கொண்டார், விபூதிக்குப் பொருத்தம்தான் என்று. பத்தடி தள்ளித் தர்கா. அங்கேயும் ஒரு சலாம். டாக்சிக்காரர்கள் எந்த சாமியிடமும் பகை வைத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த முனையில் யாருடைய உதவி வேண்டியிருக்குமோ!

"கோயிலே இல்லாத எடமா பாத்து எடுப்போம்" என்றார் மேனேஜர்.

"எண்ணூர்ல கம்பெனிங்க மட்டும்தான் சார். ஆனா ஒவ்வொரு கம்பெனி கேட்லயும் ஒரு புள்ளையாரு கீறாரு" என்றார் இவர், உண்மையான அக்கறையோடு.

கையை ஸ்டியரிங்கோடு கட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆளை மாற்றிவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். அதைக் கேட்டதும் இவர் முகம் செத்துப்போயிற்று. அதே நேரம் ரோட்டோரக் கூட்டத்தில் நான் அம்மாவைப் பார்த்தேன். கையில் மீன் கூடை, ஷூட்டிங் பார்க்க வரவில்லை, மீன் வாங்க வந்தேன் என்று சொல்வதற்கு. கூடை காலியாகத்தான் இருந்தது. அவள் கண் இவர் நெற்றியிலேயே நின்றது. பிறகு உதட்டைச் சுழித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். இவரும் பார்த்தார்.

"போச்சு டீச்சரம்மா" என்றார். பிறகு டைரக்டரிடம் போனார். "சார், ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க. நான் நடந்து போயிட்டு வந்துர்றேன்."

"எங்கய்யா?"

"எல்லார்கிட்டயும் முன்கூட்டியே போட்டுட்டு வந்துர்றேன். அப்பால வண்டில போம்போது கையி கேக்காது."

டைரக்டருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் மணி ஆகிக்கொண்டிருந்தது, வெளிச்சம் போய்விடும். என் வீட்டுக்காரர் அந்தக் கடலோர ரோட்டில் விபூதியும் குங்குமமுமாக நடந்து போய், கோயில் முன்னால் நின்று ஒரு சிலுவை, கெபி முன்னால் ஒன்று, அந்தோணியாருக்கு ஒன்று, மாரியம்மனுக்குக் கும்பிடு, தர்காவுக்கு சலாம் என்று எல்லாவற்றையும் அட்வான்சாகச் செலுத்திவிட்டு வந்தார். பின்னால் ஒரு கூட்டமே போயிற்று. சினிமாவில் இதுதான் கதை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு எடுத்ததில் கை எழும்பவே இல்லை. ரோடு உடைந்த இடத்தில் போய் நின்றோம். இவர் மெதுவாகத் திரும்பினார். பின்னால் இருந்த இரண்டு பேரையும் பார்த்து, "ரோடு முடிஞ்சிடுச்சி சார். இதுக்கு அப்பால எங்க போறது?" என்றார். வீட்டில் கத்திக் கத்திச் சொன்ன வசனம் இல்லை இது. சவாரி வந்தவர்களிடம் ஒரு டாக்சிக்காரன் இரக்கத்தோடு கேட்கிற குரல். கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கிளிசரின் போடாமலேயே அழுதாள். இவரிடம் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"டப்பிங்குக்குக் கூப்பிடுவோம். ஸ்டுடியோவுக்கு வந்து இதே மாதிரி ஒரு தடவை பேசணும்" என்றார் மேனேஜர், முன் கண்ணாடியை மாட்டாமலேயே டாக்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு.

ராயபுரத்தில் சும்மா இருப்பார்களா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. டாக்சிக்காரன் சினிமாவுக்காக வேதம் மாறிவிட்டான் என்று மறுநாள் பூசைக்கு முன்னாலேயே செய்தி பரவிவிட்டது. அம்மா என்னிடம், "வண்டி சாமியையும் மாத்திகிச்சாமே" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "மாத்தினாரா? அந்த மனுஷன் சிலுவ போட்டுப் போட்டுத்தான் அன்னைக்கு ஒரு பகல் பூரா சினிமாக்காரன் வீணாப்போனான். வேஷம் கட்டியும் கை நிக்கல. போய் யாரை வேணா கேளு" என்று பொரிந்து தள்ளினேன். மறு ஞாயிறு இவர் வாசலில் போய் நின்றபோது மீன் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி ஊற்றினாள். அதையே இவர் பெரிய முன்னேற்றமாக எடுத்துக்கொண்டார்.

டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று இவர் காத்திருந்தார். ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். குரல் கெட்டுவிடும் என்று ஐஸ் தண்ணீர் குடிப்பதை விட்டார். மாதங்கள் போயின. ஒருவரும் கூப்பிடவில்லை. "அன்னிக்குப் பேசினதே நல்லா வந்துட்டிருக்கும் டீச்சரம்மா. அதையே வெச்சுகினு இருப்பாங்க" என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

படம் தண்டையார்பேட்டையில் ஒரு தியேட்டருக்கு வந்தது. நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு இன்னா அதுல?" என்றாள். சாயங்காலம் பார்த்தால் ஈஸ்டருக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

தியேட்டரில் எனக்கு வழக்கமான இடம்தான், நடுவில். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் இவர். "வண்டிக்கு முறுக்கு வேணுமான்னு கேளு" என்றாள். கேட்டேன். வேண்டாம் என்றார். எங்கள் தெரு ஆட்கள் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருந்தார்கள்.

கடலோர ரோடு வந்தது. எங்கள் டாக்சி வந்தது. இவர் முகம் திரை முழுக்க வந்தபோது விசில் பறந்தது. நான் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். அவள் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். மல்லிகை மணம் வீசியது, கதாநாயகி முகத்தைத் திருப்பினாள், டாக்சி நின்றது. இவர் மெதுவாகத் திரும்பினார். வாயைத் திறந்தார்.

"இன்னாபா இது, ரோட்டு பூட்ச்சிபா! எங்க வுடறது, சமுத்தரத்துல வுடவா?" என்று ஒரு கீச்சுக்குரல் கத்தியது.

தியேட்டரே சிரித்தது. யாரோ ஒரு டப்பிங்காரர், டாக்சிக்காரன் என்றால் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்து, மூக்கால் பேசி வைத்திருந்தார். திரையில் இவருடைய முகம் அவ்வளவு இரக்கமாக இருந்தது. அதற்கு மேல் அந்தக் குரல். எங்கள் தெரு ஆட்களும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த டைரக்டரைத் தேடிப் போய் அறைய வேண்டும் போல இருந்தது.

அம்மா எழுந்து நின்றாள். எனக்கு மேலாகக் குனிந்து அவரைப் பார்த்தாள்.

"இன்னாயா இது? உன் கொரலு எங்க?"

இவர் நிமிர்ந்தார். யாரிடம் கேட்கிறாள் என்று என்னைப் பார்த்தார்.

"உன்னத்தான்யா கேக்கறேன். அவள ஏன் பாக்கற?"

"அது... என் கொரலு இல்ல அத்தே."

"எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம காது புளிக்கப் புளிக்கக் கேட்டுகினு கீறேன், எனக்குத் தெரியாதா? உன் வாய்ல வேற எவனோ குந்திகினு கத்தறான், நீ பாட்டுக்குப் பாத்துகினு கீற. ஏன் வுட்டே?"

"கூப்புடறேன்னாங்க அத்தே. கூப்புடல."

"கூப்புடலன்னா போய் நிக்கறது! என் வூட்டு வாசல்ல மட்டும் கூப்ட்டா வந்து நின்னே?"

எத்தனையோ வருஷமாக அந்த வாசலில் கேள்வியும் பதிலுமாகத் தனியாகப் பேசின மனுஷன், நேராக ஒரு கேள்வி வந்ததும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் வெட்கத்தை விட்டு அழுதேன். திரையில் கதாநாயகியும் அழுதாள். எங்கள் வரிசையில் அவளைப் பார்க்க ஆள் இல்லை.

"யம்மா, மறைக்குது, குந்தும்மா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அம்மா திரும்பினாள். "குந்தறேன் இரு. என் மாப்ளயாண்ட பேசிகினு கீறேன்ல."